கண்ணாடியை நல்லாத் துடைச்சு வை, மருமகன்

கடை போடப் போறாயாம். சந்தோஷம். டுபாய் வெயில்ல காஞ்சு உழைச்ச காசைக் கொண்டுபோய்ப் புத்தளம் டவுனுல கண்ணாடியா மாத்தப் போறாய். முன் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஒரு பக்கம் நகை, மறுபக்கம் விலைகூடின கைக்கடிகாரம், உள்ளுக்கு ஏசி, வாசல்ல தொப்பி போட்ட காவல்காரன். தங்கச்சி வந்து சொல்லேக்க எனக்கும் பெருமைதான். நுரைச்சோலை மண்ணுல வெங்காயம் நட்ட வம்சத்துல ஒருத்தன் ஷோகேஸ் வைக்கிறான் எண்டா லேசுப்பட்ட காரியமா?

ஆனா அதுக்கு யோசனை கேட்டு என்னட்ட வந்தாய் பாரு, அதுதான் எனக்கு விளங்கல்ல. நான் மண்ணைக் கிண்டுறவன். பேப்பரை பேரன் வாசிப்பான், நான் கேப்பன். போனில படமும் காட்டுவான். அவ்வளவுதான் என்ட படிப்பு. கேட்டுட்டாய், சொல்லாம விட்டா உன்ட உம்மா என்னைத்தான் ஏசுவா. இரு, மாமி பிளேன்டீ ஊத்துறா.

முதல்ல, ராவைப் பத்தி நீ கவலைப்படுறத விடு. இரும்புக் கதவு, ரெண்டு பூட்டு, ராக்காவலுக்கு ஒரு ஆள் எண்டு பெரிய கணக்குப் போட்டு வெச்சிருக்காய். ராக்கள்வன் எல்லாம் பழைய காலத்து ஆள், மகன். உழைப்பாளி. 2019 ஒக்டோபர் 2, காந்தி பிறந்த நாள் விடியக்கருக்கல்ல திருச்சி லலிதா ஜுவல்லரிக்குள்ள புகுந்தவங்களைப் பாரு. சுவரைத் துளைச்சு, முகத்துல பொம்மை முகமூடி போட்டு, கிட்டத்தட்ட 13 கோடி இந்திய ரூபா நகையை அள்ளிட்டு, மோப்ப நாய்க்கு மிளகாய்த்தூளும் தூவிட்டுப் போனாங்க. நம்ம கற்பிட்டி மிளகாயா இருந்தா நாய் மட்டுமில்ல, நாயைப் பிடிச்சுட்டு வந்த பொலிஸும் தும்மியிருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு 2021 டிசெம்பர்ல வேலூர் ஜோஸ் ஆலுக்காஸ். அதுவும் சுவர்தான். சிங்க முகமூடி. யூடியூப் பார்த்துத் தொழில் படிச்ச பொடியன். அள்ளின பதினஞ்சு கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தை ஒடுகத்தூர்ச் சுடுகாட்டுல புதைச்சு வெச்சிருந்தான். பொலிஸ் தோண்டி எடுத்திச்சு.

எவ்வளவு பாடு! துளைக்கோணும், அள்ளோணும், புதைக்கோணும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை எங்க இருக்கு? போனில ஒரு நிமிஷத்துப் படத்தையே அரைவாசியில தள்ளிவிடுறவன் சுவர் துளைப்பானா?

இன்னொண்டும் இருக்கு. ராவுல நீ என்ன செய்வாய்? நகையெல்லாம் கழட்டிப் பெட்டகத்துல வெச்சுப் பூட்டுவாய். காலையில என்ன செய்வாய்? அதே நகையை ஒவ்வொண்டா எடுத்து, துடைச்சு, பெரிய கல்லு ரோட்டுப் பக்கம் பார்க்கிற மாதிரி சாய்ச்சு வெச்சு, மேலால லைட்டும் போட்டு, விலைத் துண்டும் கட்டித் தொங்கவிடுவாய். பெட்டகத்தைத் திறக்கிற பாட்டைக் கள்வனுக்கு மிச்சம் பிடிச்சுக் குடுக்கிறவன் நீதான். எதை முதல்ல தூக்கோணும் எண்டதையும் விலை எழுதி நீயே சொல்லிக் குடுக்கிறாய். இனி அவனுக்கு வேண்டியது ஒரு சுத்தியல்தான். அதையும் நீ ஷோகேசுக்குப் பக்கத்துல வெச்சியெண்டா முழு உபகாரம்.

சிரிக்காத. உலகம் முழுக்க இதுதான் நடக்குது. 2025 ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பதரை மணி. பாரிஸ்ல லூவ்ர் எண்டு ஒரு நூதனசாலை. பிரான்ஸ் ராசா ராணிமார்ட நகையெல்லாம் அங்க அப்பொல்லோ மண்டபத்துல. கதவு திறந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்கும், சனம் உள்ளுக்கு நடமாடுது. வீட்டுச் சாமான் மேல் மாடிக்கு ஏத்துற ஏணி பூட்டின லொறி ஒண்டு ரோட்டோரம் வந்து நிண்டுச்சு. மஞ்சள் அங்கி போட்ட ரெண்டு பேர் ஏணியில மேல போய், ஜன்னலை வெட்டி, கண்ணாடிப் பெட்டியை வெட்டி, நகையை எடுத்துட்டு இறங்கி, கீழ நிண்ட கூட்டாளிமாரோட ஸ்கூட்டர்ல பறந்துட்டாங்க. மொத்தம் ஏழெட்டு நிமிஷம். எட்டு உருப்படி, 88 மில்லியன் யூரோ. ஒன்பதாவதா எடுத்த ராணி யூஜெனிட கிரீடம் ஓடுற அவசரத்துல ரோட்டுல விழுந்துட்டு. 1354 வைரம் பதிச்ச கிரீடம், மகன்! நம்ம கந்தையா ஏத்துற லொறியில வெங்காய மூட்டை விழுந்தாக்கூட நிப்பாட்டி எடுத்துட்டுப் போவான்.

எனக்கு அந்தக் கதையில பிடிச்ச இடம் ரெண்டு. ஒண்டு, அந்தப் பக்கத்து வெளிக் கமரா வேற திசையைப் பார்த்துட்டு இருந்துதாம். கள்வன் ஏறின பால்கனியை அது காணவே இல்ல. நூதனசாலைப் பெரியம்மாவே பிரெஞ்சு செனட் சபையில போய் அதை ஒத்துக்கொண்டா. மற்றது, அந்த ஏணி செஞ்ச ஜெர்மன் கம்பனி, பெயர் பூக்கர், சில நாளுக்குள்ளயே அந்த ஏணி நிண்ட படத்தைப் போட்டு விளம்பரம் செஞ்சிச்சு: அவசரமா ஏதும் நகர்த்தோணுமெண்டா எங்கட மிஷின் 400 கிலோ தூக்கும், சத்தமே வராது எண்டு. வியாபாரம் எண்டா அது வியாபாரம். உன்ட கடை உடைஞ்சா கண்ணாடிக் கடைக்காரன் இப்பிடி விளம்பரம் போடாம இருக்க முதல்லயே பேசி வெச்சுக்கோ.

மஞ்சள் அங்கியைப் பத்தி நான் உனக்குச் சொல்லத் தேவையில்ல. நம்ம ஊர்ல அனல்மின் நிலையம் வந்ததிலிருந்து மஞ்சள் அங்கியும் தலையில ஹெல்மெட்டும் போட்டவன் எல்லாரும் நமக்கு எஞ்சினியர் சேர்தான். வேலிக்குள்ள வந்து என்ட தென்னை மரத்தை அளந்தாலும் நான் என்ன ஏது எண்டு கேக்கமாட்டன், தேத்தண்ணி குடுப்பன். பாரிஸ்காரனும் அதையேதான் செஞ்சிருக்கான். தேத்தண்ணி மட்டும் குடுக்கல்ல.

மஞ்சள் அங்கி கூலிக்காரன் வேஷம். பணக்காரன் வேஷம் அதைவிட நல்லாப் பலிக்கும். 2009 ஓகஸ்ட் 6, லண்டன் நியூ பொண்ட் வீதி, கிராஃப் எண்டு வைரக் கடை. பெரிய கடை, மணி அடிச்சாத்தான் திறப்பான், ஆளைப் பார்த்துத்தான் விடுவான். கோட்டும் சூட்டும் போட்டு ரெண்டு பேர் டாக்சியில வந்து இறங்கினாங்க. காவல்காரன் கதவைத் திறந்துவிட்டான். உள்ளுக்குப் போனதும் துவக்கு வெளிய வந்திட்டு. 43 நகை, சுமார் 40 மில்லியன் பவுண் பெறுமதி. பிறகு பார்த்தா அந்த முகமே அவங்கட முகம் இல்ல. மேக்கப் போடுறவர்ட்ட போய், பாட்டு வீடியோவுக்கு நடிக்கப் போறம் எண்டு சொல்லி மணிக்கணக்கா உக்காந்து வேற முகம் ஒட்டிட்டு வந்திருக்காங்க. இவ்வளவு கெட்டித்தனம் செஞ்சவங்க தப்பி ஓடின கார்ல ஒரு போனை மறந்து விட்டுட்டுப் போனாங்க. ஆசனத்துக்கும் பிரேக்குக்கும் இடையில இறுகிக் கிடந்திச்சாம். அந்தப் போனிலிருந்த நம்பரைப் பிடிச்சுப் பொலிஸ் ஆளைப் பிடிச்சுட்டு. தலைமைக்காரனுக்கு 23 வருஷம். மாமி சும்மா சொல்லல்ல, இந்தப் போன் ஆளை அழிக்கும் எண்டு.

இப்ப உன்ட காவல்காரனுக்கு வருவம். மாசம் எவ்வளவு குடுக்கப் போறாய்? சரி, அது உன்ட பாடு. அவனுக்கு என்ன சொல்லிக் குடுப்பாய்? ஆளைப் பார்த்து விடு எண்டுதானே? அவன் எதைப் பார்ப்பான்?

நானும் ஒருக்காப் போனன், மகன். மூத்தவளுக்கு நகை எடுக்க. கொழும்புல ஒரு கடை, பெயர் வேணாம். அந்த வருஷம் வெங்காயம் நல்ல விலைக்குப் போனது, காசு இடுப்புல மடியில இருக்கு, மேல வெள்ளைச் சாரம், அதுக்கு மேல கழுவின சேட்டு. வாசல்ல நிண்டவன் என்ட காலைப் பார்த்தான். என்ட காலுல என்ன இருக்கும்? நம்ம தோட்டத்து மணல் இருக்கும். பிறகு என்ட சாரத்தைப் பார்த்தான். என்ன ஐயா, யாரைப் பார்க்க வந்தது எண்டு கேட்டான். நகையைப் பார்க்க எண்டன். கொஞ்சம் நில்லுங்க எண்டு கையைக் குறுக்க வெச்சான். நான் நிக்கிற நேரம் பின்னால ஒரு டை கட்டின ஆள் வந்தான். அவனுக்குக் கதவு தானாத் திறந்திச்சு, குட்மோர்னிங்கும் கிடைச்சிச்சு. நான் திரும்பிச் செட்டியார் தெருவுக்குப் போய், பாய்ல உக்கார வெச்சுக் கதைச்ச ஒரு சின்னக் கடையில நகை எடுத்துட்டு வந்தன்.

அந்த டைக்காரன் நல்ல மனுஷனாத்தான் இருப்பான், நான் குறை சொல்லல்ல. ஆனா இந்த உலகத்துல பெரிய நகைக் கடையைப் பட்டப்பகல்ல கொள்ளையடிச்ச கதை எத்தனை கேட்டிருக்கன், சாரம் கட்டினவன் போய் அடிச்ச கதை ஒண்டு சொல்லு பாப்பம். சூட்டுல போயிருக்கான், மஞ்சள் அங்கியில போயிருக்கான். 2008 டிசெம்பர்ல பாரிஸ் ஹரி வின்ஸ்டன் கடைக்குப் பெண்டுகள் உடுப்புல, தலையில டோப்பா வெச்சுட்டு ஆம்பிளைகள் போயிருக்காங்க. சாரத்துல போறதுக்கு எவனுக்கும் தைரியம் இல்ல, ஏனெண்டா உங்கட காவல்காரன் விடமாட்டான்.

நீ இருந்த ஊர்லயும் நடந்துச்சே. உனக்கு அதைப் பத்தி யாரும் சொல்லல்லையா? 2007 ஏப்ரல், டுபாய் வாஃபி மால். ரெண்டு ஆவுடி கார், ஒண்டு கறுப்பு, ஒண்டு வெள்ளை. பார்க் பண்ண இடம் தேடல்ல. மால் கண்ணாடிக் கதவை இடிச்சுக்கொண்டு உள்ளுக்கே ஓட்டிட்டு வந்து, கிராஃப் கடைக்கு முன்னால நிப்பாட்டி, உடைச்சு அள்ளிட்டு, அதே காரில திரும்பிப் போனாங்க. சுமார் 14.7 மில்லியன் திர்ஹம். வெளிநாட்டுப் பேப்பரெல்லாம் அந்தக் கூட்டத்தைப் பிங்க் பாந்தர்ஸ் எண்டு சொல்லும். பெயர் எப்பிடி வந்துச்சு தெரியுமா? 2003 இல் லண்டன்ல களவெடுத்த நீல வைர மோதிரம் ஒண்டை முகத்துக்குப் பூசுற கிரீம் போத்தலுக்குள்ள அமத்தி வெச்சிருந்தாங்க. பழைய படம் ஒண்டுல அப்பிடி ஒரு காட்சி இருந்ததாம், அதுதான் பெயர் ஒட்டிட்டு. மாமியிட கிரீம் போத்தலையும் ஒருக்காப் பார்க்கத்தான் வேணும்.

இன்னும் பெரிய கூட்டம் வேணுமா? 2024 ஜூன் 12, கலிபோர்னியா சனிவேல். நம்ம இந்திய ஆக்கள்ட பி.என்.ஜி. நகைக் கடை. சின்னப் பொடியன்மார் இருபது பேர் மாதிரி, தலையில துணி, கையில சுத்தியலும் அலவாங்கும். பகல் நேரம், காவலாளி நிக்கிறான், கமரா ஓடுது. மூணு நிமிஷத்துக்குள்ள ஷோகேஸ் அவ்வளவும் தூள். பேரன் அந்தப் படத்தைக் காட்டினான். பார்த்தா வெங்காயம் கிண்டுற நாள்ல நம்ம தோட்டத்துல இறங்கிற கூலியாட்கள்தான் ஞாபகம் வந்துச்சு, ஒருத்தனுக்கு ஒரு வரிசை எண்டு பிரிச்சு, தலை நிமிராம. அஞ்சு பேரைப் பொலிஸ் அண்டைக்கே துரத்திப் பிடிச்சிட்டு. மற்றவங்கள் சிதறிட்டாங்க. காவலாளியைக் குறை சொல்ல ஏலாது. இருபது சுத்தியலுக்கு முன்னால ஒரு தொப்பி என்ன செய்யும்?

சரி, வெளியால வாறவனை விடு. வெளிப்பக்கம் பார்க்க எத்தனை கமரா பூட்டப் போறாய்? நாலு. உள்ளுக்க நிக்கிறவனைப் பார்க்க? அங்க உன்ட மச்சான் நிப்பான் எண்டு சொன்னாய். நல்ல பொடியன். நான் ஒண்டும் சொல்லல்ல. சென்னை அரும்பாக்கத்துல 2022 ஓகஸ்ட் 13, நகைக்குக் கடன் குடுக்கிற வங்கிக் கிளை, பட்டப்பகல். 31 கிலோவுக்கு மேல தங்கம் போச்சு. காவலாளிக்கு மயக்க மருந்து கலந்த சோடா குடுத்து, உள்ளுக்கு இருந்தவங்களைக் கட்டிப் போட்டுட்டுப் போன கூட்டத்தோட தலைவர் யார்? அந்த நிறுவனத்துல வேலை செஞ்ச ஆளேதான். தங்கம் எங்க எங்க எண்டு தேடிப் போனா, மூணரைக் கிலோவுக்கு மேல ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் வீட்டுல கிடந்திச்சு. பாரிஸ் ஹரி வின்ஸ்டன் கதையிலயும் துணைக்கு நிண்டவன் கடைக் காவல்காரன்தான். ஆக, நீ கமராவைத் திருப்பி வைக்கிறது நல்லது. மச்சானுக்குக் கோபம் வந்தா, லூவ்ர் கமராவும் இப்பிடித்தான் வேற பக்கம் திரும்பி இருந்துச்சு எண்டு சொல்லு.

கமரா எண்டதும் ஞாபகம் வருது. கமராவுக்குக் கரண்ட் வேணும். நம்ம ஊர்தான் முழு நாட்டுக்கும் வெளிச்சம் குடுக்கிற ஊர், மூணு மிஷின், 900 மெகாவோட், சீன ஜனாதிபதியே 2014 இல் இலங்கைக்கு வந்து திறந்து வெச்சது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பதினொரு மணி கழிஞ்ச வெயில். பாணந்துறையில ஒரு குரங்கு உப மின் நிலையத்துல தொங்கிச்சு. நாடு முழுக்க இருட்டு. நம்ம மூணு மிஷினும் நிண்டு போச்சு, மறுபடி எழும்ப நாள் எடுத்துச்சு, அதுவரைக்கும் முறை வெச்சுக் கரண்ட் வெட்டினாங்க. ஒரு குரங்கு, மகன். அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது எண்டு இன்னும் தெரியாது. நீ வைக்கப் போற அலாரத்துக்குப் பற்றரி போட்டிருக்கியா எண்டு பார். அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு தெரியுற தூரத்துல இருக்கம் எண்டு நம்பி இருந்திடாத.

இனிக் கைக்கடிகாரம். அதை ஏன் வைக்கிறாய் எண்டு நான் கேக்கல்ல. நேரம் பார்க்கப் போன் இருக்கு, தொழுகை நேரத்துக்குப் பாங்கு கேக்குது, அதுக்கு மேல ரோலெக்ஸ் கட்டினாத்தான் பொழுது விடியும் எண்டா கட்டட்டும். ஆனா கடிகாரத்துல ஒரு நல்ல குணம் இருக்கு. அதுக்கு நம்பர் இருக்கு. ஒவ்வொண்டுலயும் தனித்தனி இலக்கம் அடிச்சிருக்கும், களவு போன இலக்கத்தை எழுதி வெக்கிற ஏடும் லண்டன்ல இருக்கு. இலக்கத்தைச் சுரண்டினாக் கடிகாரத்துக்கு மதிப்பு விழுந்திடும். அதனால ரோலெக்ஸை எடுத்தவன் பயந்து பயந்துதான் விக்கோணும்.

தங்கம் அப்பிடி இல்ல. அதுக்கு முகம் இல்ல. 1064 பாகைச் சூடு காட்டினாத் தண்ணியாப் போயிடும். எந்தக் கழுத்துல கிடந்துச்சு, எந்தக் கடையில தொங்கிச்சு எண்டு அது சொல்லாது. கனடாவுல 2023 ஏப்ரல் 17, டொரன்டோ பியர்சன் விமான நிலையத்துக் கார்கோ. சுவிட்சர்லாந்துல இருந்து வந்து இறங்கின 400 கிலோ, 6600 தங்கக் கட்டி. 20 மில்லியன் கனடா டொலருக்கு மேல. ஒருத்தன் லொறியில வந்து ஒரு துண்டைக் குடுத்தான். துண்டுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? மீன்! முதல் நாள் சாமன் மீன் எடுத்துட்டுப் போன துண்டிட கொப்பி. மீனுக்குத் துண்டைக் குடுத்துத் தங்கத்தை ஏத்திட்டுப் போயிட்டான். நம்ம கற்பிட்டியில மீன் எடுக்க வாற முதலாளிமார் அரைக் கிலோ குறைஞ்சாலும் தராசைக் கவிழ்த்துப் பார்க்கிறவங்க. அங்க யாரும் மணந்துகூடப் பார்க்கல்ல. அந்தக் கார்கோவுல வேலை செஞ்சவங்களும் உள்ளுக்கு இருந்ததாத்தான் வழக்கு.

ஒரு வருஷம் கழிச்சு, 2024 ஏப்ரல்ல, பொலிஸ் கூட்டம் வெச்சுக் கணக்குச் சொன்னாங்க. அவ்வளவு தங்கத்துல கையில அம்பிட்டது ஆறு வளையல். அதுவும் அவசரத்துல வார்த்த கோணல் வளையல். பக்கத்துல உருக்குற சட்டி, அச்சு. எங்க உருக்கினாங்க? பொலிஸ் சொல்லுறபடி, ஒரு நகைக் கடையிட நிலவறையில.

அதுதான் நான் உன்னட்ட கேக்க நினைச்சது. உடைபடுறதும் நகைக் கடைதான், உருக்கிறதும் நகைக் கடைதான். சுத்தியல்காரன் மூணு நிமிஷம் வந்துட்டுப் போறவன். அவனுக்குச் சோறு போடுறவன், துண்டு கேக்காமக் கட்டியை வாங்கிறவன். உன்ட கடைக்கும் ஒருத்தன் வருவான். நீ இன்னும் கதவைத் திறக்கல்ல, அவன் ஏற்கனவே வெளிக்கிட்டிருப்பான். பின்நேரம், சனம் இல்லாத நேரமா வருவான். கையில கைலேஞ்சி, கைலேஞ்சிக்குள்ள ஒரு கட்டி. பவுணுக்கு இருபதாயிரம் குறைச்சுத் தாறன் எண்டு சொல்லுவான். 2025 ஒக்டோபர்ல பவுண் நாலு இலட்சத்தைத் தொட்ட நாட்டுல இருபதாயிரம் எண்டா வாயூறத்தான் செய்யும். எங்கால எடுத்த எண்டு கேப்பியா, இல்ல கதவைச் சாத்திட்டுத் தராசை எடுப்பியா? சும்மா கேக்கிறன். பதில் சொல்லத் தேவையில்ல. தேத்தண்ணியைக் குடி, ஆறுது.

நம்ம கடலையும் நீ மறந்திட்டாய். நான் கடலுக்குப் போற ஆள் இல்ல, தோட்டக்காரன். ஆனா மேல்காத்து அடிக்கேக்க கதையும் சேர்ந்துதான் வரும். இந்தக் கரைக்கு அங்கால மண்டபம், வேதாளை. 2022 ஜூலையில இந்தியா தங்கத்துக்குத் தீர்வையை 15 சதவீதமா ஏத்திச்சு. அதோட நம்ம பக்கத்துல இருந்து வள்ளம் ஏறின தங்கமும் கூடிச்சு. 2023 பெப்ரவரியில மண்டபம் கடல்ல வீசி எறிஞ்ச பதினேழு கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தைச் சுழியோடிமார் எடுத்தாங்க. அந்த மே மாசக் கடைசியில இன்னும் 32 கிலோ சொச்சம், மன்னார் வளைகுடாவுல. மீன் தேடி வலை போட்டவனுக்குத் தங்கம் அம்பிட்ட கதை எங்கட வாப்பா காலத்துல கதையாத்தான் இருந்துச்சு. 2024 ஜூலையில தீர்வையை 6 சதவீதத்துக்கு இறக்கினாங்க, அதுக்குப் பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் தணிஞ்சுது. கடத்தினது எல்லாம் களவுத் தங்கம் எண்டு நான் சொல்லல்ல. கட்டியா வந்த பிறகு எது களவு, எது காசு குடுத்து வாங்கினது எண்டு கடலுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது எண்டுதான் சொல்லுறன்.

ஓசூர்க் கதை மட்டும் எனக்கு ஆறுதல். 2021 ஜனவரி 22, காலையில முத்தூட் கிளைக்குள்ள துவக்கோட ஆறு பேர் புகுந்து 25 கிலோ அடகு நகையை அள்ளினாங்க. அடுத்த நாளே ஹைதராபாத் பக்கம் வெச்சு அம்பிட்டாங்க. நகைப் பையுக்குள்ள இருக்கிற இடத்தைக் காட்டிக் குடுக்கிற ஒரு சின்னக் கருவி கிடந்துச்சாம். உருக்க முதல் பிடிச்சதாலதான் ஏழைப்பட்டவங்கட தாலியும் காப்பும் அதே உருவத்துல திரும்பி வந்துச்சு. வைக்கிறதெண்டா அதுல ஒண்டை வாங்கி வை. காவல்காரண்ட தொப்பியைவிட மலிவு.

இதெல்லாம் ஊர் உலகத்துக் கதை. நம்ம ஊர்ல என்ன நடக்குது? பட்டப்பகல் கொள்ளை நமக்கும் புதுசில்ல, கண்ணாடி மட்டும்தான் இல்ல. கழுத்துதான் ஷோகேஸ். மோட்டர்சைக்கிள்ல ரெண்டு பேர், முகம் மூடின ஹெல்மெட், பின்னால இருக்கிறவன் கையை நீட்டுறான், மாலை போச்சு, கழுத்துல காயம் மிச்சம். 2015 இல் அந்த முகம் மூடுற ஹெல்மெட்டையே தடை செய்யப் பொலிஸ் வெளிக்கிட்டுது. மோட்டர்சைக்கிள்காரர் நீதிமன்றம் போனாங்க, தடை நிண்டுட்டு. தலையைக் காக்கிறதா, கழுத்தைக் காக்கிறதா எண்டு நாட்டுல இன்னும் முடிவாகல்ல. லூவ்ருக்கு உலகம் முழுக்கப் பேப்பர் எழுதிச்சு. ரோட்டுல போன பொம்பிளையிட கழுத்துக்குப் பொலிஸ் புத்தகத்துல ஒரு வரி.

அதாலயும் நீ பயப்படாத. நம்ம ஊர்ல கழுத்துலயும் பெரிசா ஒண்டும் இல்ல. கள்வன் வந்தா ஏமாந்துதான் போவான். நம்ம பெண்டுகள்ட நகை எங்க இருக்கு தெரியுமா? விதை வெங்காயம் வாங்கிற மாசம் பாங்குக்குப் போகும். வெங்காயம் விலை போனாத் திரும்பி வரும். இந்தியாவுல இருந்து கப்பல்ல வெங்காயம் வந்து விலை விழுந்தா அங்கயே கிடக்கும். 2021 இல் பசளையைத் தடை செஞ்சாங்களே, அந்தப் போகம் போனது இன்னும் திரும்பாத வீடு இருக்கு. பாங்குப் பெட்டகம் நம்ம சனத்துட நகையால நிறைஞ்சு கிடக்கு. லண்டன் ஹற்றன் கார்டன்ல 2015 இல் பெட்டகம் உடைச்ச கிழவன்மார், எழுபது தாண்டினவங்களும் இருந்தாங்க, ஒருத்தர் பஸ்லதான் வந்தார், அவங்களைக் கூட்டிட்டு வந்து விட்டாலும் நம்ம ஊர் வீடுகள்ல அவங்களுக்கு ஒரு மோதிரம் தேறாது. பாங்குக்குத்தான் போகோணும்.

அப்ப உன்ட கடைக்கு யார் வரப் போறாங்க எண்டு கேக்கிறியா? அதை நீதான் யோசிச்சிருக்கோணும், ஷோகேசுக்கு அட்வான்ஸ் குடுக்க முதல். நான் வருவன். சாரத்தோட. காவல்காரனுக்கு இப்பவே சொல்லி வை.

கடையைத் திற, மகன். நான் வேண்டாம் எண்டு சொல்லல்ல. ரெண்டு கதவு போடு, ஒண்டு பூட்டினாத்தான் மற்றது திறக்கோணும். பெரிய நகையைப் பெட்டகத்துல வெச்சுட்டுப் படத்தை ஷோகேசுல வை, கேட்டவனுக்கு எடுத்துக் காட்டு. கண்ணாடியை நல்லாத் துடைச்சு வை, வெறும் கண்ணாடியா இருந்தாலும் வடிவாத்தான் இருக்கும்.

எண்டாலும் திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஷோகேசு வெறுமையா இருந்தா ஊர் சிரிக்கும். நம்ம வீட்டு நகை ரெண்டையாவது வைக்கத்தானே வேணும். மாமியிட மாலை இருக்கு, பழைய வேலைப்பாடு, இப்ப அப்பிடிச் செய்ய ஆள் இல்ல. ரெண்டு காப்பும் இருக்கு. வைக்கிறதுக்கு எனக்கு மறுப்பில்ல, எடுத்துட்டுப் போ. இந்தா துண்டு. பாங்குல கிடக்கு. தவணை அடுத்த மாசம் முடியுது. டவுனுக்குத்தானே போறாய், எவ்வளவு கட்டோணும் எண்டு கேட்டுட்டு, கட்டி எடுத்துட்டு வா. வட்டி சேர்ந்ததை உன்ட உம்மாக்குச் சொல்லிடாத.